மாயச் சுங்கச்சாவடிக்கு ஒரு பயணம்

"போர் அடிக்கிறது!" நம்மில் இச்சொற்களைச் சொல்லாதவர் எவரேனும் உண்டா? மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளையில் சொல்கிறோம். விடுமுறை கிடைத்தால் மூன்றாம் நாளே சொல்கிறோம். இப்படிச் சலித்துக்கொண்டே இருந்த ஒரு சிறுவனின் கதையை இவ்வாண்டு எங்கள் நூலகப் பாடவேளைகளில் படித்தோம். அந்நூலின் பெயர் 'தி ஃபாண்டம் டோல்பூத்'. தமிழில் 'மாயச் சுங்கச்சாவடி' எனலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். முதல் முறை படித்தபோது எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிக்காமலே பக்கத்தைத் திருப்பினோம். ஏனெனில் அந்நூல் ஆங்கிலச் சொற்களின் இரட்டைப் பொருளை வைத்தே கட்டப்பட்டது. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு, ஆங்கில ஆசிரியையையும் நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டரையும் ஓயாமல் கேள்வி கேட்டு, இரண்டாம் முறை படித்தபோதுதான் கதவு திறந்தது. அந்தச் சாவியை எங்கள் இளைய வகுப்புத் தங்கைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் பிறந்த கதை

இதனை எழுதியவர் நார்ட்டன் ஜஸ்டர். 1929-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். அவர் தொழிலால் எழுத்தாளர் அல்லர், கட்டடக் கலைஞர். நகரங்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு நூல் எழுதுவதற்காக ஃபோர்டு அறக்கட்டளை அவருக்குப் பண உதவி அளித்தது. குறிப்புகளைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்துப்போன அவர், மனம் ஆறுவதற்காக ஒரு சிறு கதையை எழுதத் தொடங்கினார். அது வளர்ந்துகொண்டே போய் 1961-இல் இந்நூலாக வெளிவந்தது. நகரங்களைப் பற்றிய நூல் எழுதப்படவே இல்லை! வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டுக் கதை எழுதினால் நமக்குக் கிடைப்பது திட்டு; அவருக்குக் கிடைத்ததோ புகழ்.

படங்களை வரைந்தவர் அவருடைய நண்பரும் கார்ட்டூன் ஓவியருமான ஜூல்ஸ் ஃபைஃபர். 1970-இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது. ஜஸ்டர் 2021-ஆம் ஆண்டிலும் ஃபைஃபர் 2025-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். ஆயினும் நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

கதைச் சுருக்கம்

கதாநாயகன் மைலோ என்னும் சிறுவன். எதிலும் அவனுக்கு நாட்டமில்லை. பள்ளியில் இருக்கும்போது வெளியே போக நினைப்பான். வெளியே வந்தால் மீண்டும் உள்ளே போக நினைப்பான். கற்பதால் என்ன பயன் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. ஒரு நாள் மாலை வீடு திரும்பிய அவனுடைய அறையில் ஒரு பெரிய பெட்டி காத்திருக்கிறது. உள்ளே, பொம்மைபோல் பொருத்திக்கொள்ளக்கூடிய ஒரு சுங்கச்சாவடி! செய்ய வேறொன்றும் இல்லாததால், தன்னுடைய சிறிய விளையாட்டுக் காரில் ஏறி அதைக் கடக்கிறான். உடனே முன்பின் அறியாத ஒரு நாட்டின் சாலையில் போய்க்கொண்டிருக்கிறான்.

அந்நாட்டை இரு சகோதரர்கள் பங்கிட்டு ஆள்கின்றனர். ஒருவர் அசாஸ் மன்னர். சொற்களின் நகரமாகிய டிக்ஷனாபொலிஸ் அவருடையது. மற்றவர் கணித மந்திரவாதி. எண்களின் நகரமாகிய டிஜிட்டாபொலிஸ் அவருடையது. சொல் பெரிதா, எண் பெரிதா என்று இருவருக்கும் ஓயாத சண்டை. அவர்களுடைய தங்கையர்போல் வளர்ந்த ரைம், ரீசன் என்னும் இரு இளவரசியரிடம் வழக்கு வந்தது. இரண்டும் சமமே என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். தீர்ப்பு பிடிக்காத மன்னர்கள் இருவரும் சேர்ந்து இளவரசியரை ஆகாயக் கோட்டைக்கு நாடு கடத்திவிட்டனர். அன்று முதல் அந்நாட்டில் எதுவும் சரியாக நடப்பதில்லை. இளவரசியரை மீட்டு வருவதே மைலோவின் வேலை. அவனுக்குத் துணையாக ஒரு நாயும் ஒரு பூச்சியும் செல்கின்றன.

பாத்திரங்கள்

அந்த நாயின் பெயர் டாக். தமிழில் எழுதும்போது 'நாய்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் இப்பெயரும் ஒன்றுபோலாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அப்படியில்லை, 'டிக்-டாக்' என்னும் கடிகார ஓசையிலிருந்து வந்த பெயர் இது. ஆங்கிலத்தில் 'வாட்ச் டாக்' என்றால் காவல் நாய். 'வாட்ச்' என்பதற்குக் கடிகாரம் என்றும் பொருளுண்டு அல்லவா? ஆகவே இந்நாயின் உடலே ஓர் அலாரக் கடிகாரமாக இருக்கிறது! வேடிக்கை அதோடு நிற்கவில்லை. இதன் அண்ணன் பிறந்தபோது 'டிக் டிக்' என்று ஒலிக்கும் என எதிர்பார்த்து 'டிக்' என்று பெயரிட்டார்களாம். அதுவோ 'டாக் டாக்' என்று ஒலித்தது. அதனால் அடுத்து வந்ததற்கு 'டாக்' என்று பெயரிட்டார்கள். இதுவோ 'டிக் டிக்' என்றே ஒலிக்கிறது. பெயரைப் பார்த்து யாரையும் எடைபோட முடியாது என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்?

வீணாகும் நேரத்தைக் கண்டால் டாக்கிற்குக் கோபம் வரும். ஆங்கிலத்தில் நேரத்தைக் 'கொல்வது' என்பார்கள். நாமோ 'பொழுதைப் போக்குவது' என்கிறோம். அவர்கள் கொன்றாலும் நாம் போக்கினாலும் போன நேரம் போனதுதான்.

பூச்சியின் பெயர் ஹம்பக். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் போலி, வெற்று ஆரவாரம் என்று பொருள். அதன் கடைசிப் பகுதியாகிய 'பக்' என்பதற்குப் பூச்சி என்று பொருள். இவர் நன்றாக உடுத்தியவர். தெரியாததையும் தெரிந்ததுபோல் பேசுவார். யார் பேசினாலும் அவர் பக்கம் சாய்வார். ஆனால் ஆபத்து வரும்போது, முணுமுணுத்துக்கொண்டேனும் உடன் வருவார். நம் வகுப்பில் இப்படி ஒருவர் இல்லையா என்று எண்ணிப் பார்த்தோம். பிறகு, கேட்கப்படாத கேள்விக்கும் கை உயர்த்தும் பழக்கம் நம் எல்லாருக்குமே உண்டு என்று ஒப்புக்கொண்டோம்.

அலெக் பிங்ஸ் என்னும் சிறுவன் இன்னும் விந்தையானவன். நாம் தரையிலிருந்து மேல்நோக்கி வளர்கிறோம். அவன் குடும்பத்திலோ தலை முதலிலேயே இருக்க வேண்டிய உயரத்தில் இருக்கும். கால்கள் ஆண்டுதோறும் தரையை நோக்கி வளரும். அதனால் அவர்களுக்குப் பார்வையின் உயரம் மாறுவதே இல்லை. நமக்கோ குழந்தையாயிருந்தபோது பெரிதாகத் தெரிந்தது இப்போது சிறிதாகத் தெரிகிறது. 'பார்க்கும் கோணம்' என்று நாம் சொல்வதை ஆசிரியர் ஒரு சிறுவனாகவே ஆக்கி ஆகாயத்தில் மிதக்கவிட்டிருக்கிறார்!

சொல் விளையாட்டு

தமிழ் வகுப்பில் இரட்டுறமொழிதல் படித்தவர்களுக்கு இந்நூலின் சுவை எளிதில் பிடிபடும். ஒரு சொல் இரு பொருள் தருவதே சிலேடை. காளமேகப் புலவர் அதில் வல்லவர் என்று அறிவோம். ஜஸ்டரின் சிலேடைகளில் சிலவற்றை இங்கே விளக்குகிறோம்.

மைலோ முதலில் சந்திப்பவர் 'வெதர் மேன்'. வானிலை சொல்பவர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். 'வெதர்' என்று ஒலிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு. எழுத்து மட்டும் வேறு. ஒன்று வானிலை; மற்றொன்று 'ஆமா, இல்லையா' என்னும் ஐயத்தைக் குறிப்பது. இவர் இரண்டாம் வகை. மழை எப்படிப் பெய்யும் என்பதன்று, பெய்யுமா பெய்யாதா என்பதே இவருக்குக் கவலை. இவருடைய ஊரின் பெயர் 'எதிர்பார்ப்பு'. அந்த ஊரிலேயே தங்கிவிட்டால் எங்கும் போய்ச் சேர முடியாது.

'விட்ச்' என்னும் ஒலியும் அப்படியே. சூனியக்காரி என்பது ஒன்று. 'எது' என்னும் வினாச்சொல் மற்றொன்று. டிக்ஷனாபொலிஸ் சிறையில் இருக்கும் மூதாட்டி சூனியக்காரி அல்லர். எந்த இடத்தில் எந்தச் சொல் தகும் என்று தேர்ந்து கொடுக்கும் பதவியில் இருந்தவர். நாளடைவில் சொற்களைத் தாமே பதுக்கி வைத்துக்கொள்ளும் கருமியாகிவிட்டார், அதனால்தான் சிறை.

அசாஸ் மன்னரின் விருந்து எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. 'லைட்' என்றால் இலேசானது. ஒளி என்றும் பொருள். இலேசான உணவு வேண்டும் என்று மைலோ கேட்டதும் தட்டில் ஒளிக்கதிர்கள் வந்து விழுகின்றன! பிறகு ஒவ்வொருவரும் எழுந்து பேச, அவரவர் பேசிய சொற்களே அவரவர் தட்டில் உணவாக வருகின்றன. ஆங்கிலத்தில் 'சொன்ன சொல்லைத் தின்பது' என்றால் சொன்னதைத் தவறென்று திரும்பப் பெற்றுக்கொள்வது. விருந்தின் முடிவில் வருவது 'அரைவேக்காட்டு யோசனைகள்'. இதற்கு மட்டும் எங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. தமிழிலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்!

ஒருவர் பேரேட்டுடன் அமர்ந்து பெயர், பிறந்த நாள் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பவரை ஆங்கிலத்தில் 'சென்சஸ் டேக்கர்' என்பர். 'புலன்களைப் பறிப்பவர்' என்பதும் ஒலியில் ஏறத்தாழ அதுவே. மைலோ பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய கடமை உணர்வு, நோக்கம் எல்லாவற்றையும் அவர் பறித்துவிடுகிறார். ஒன்றை மட்டும் அவரால் பறிக்க முடியவில்லை. அது நகைச்சுவை உணர்வு. சிரிப்பொலி கேட்டதும் மைலோவும் நண்பர்களும் விடுபடுகின்றனர்.

குதித்தால் சேரும் தீவு

இவை வெறும் சிரிப்புக்காக எழுதப்பட்டவை என்றே முதலில் நினைத்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு தீவு.

ஆங்கிலத்தில், தீர விசாரிக்காமல் முடிவு கட்டுவதை 'முடிவுக்குத் தாவுவது' என்பார்கள். இந்நூலில் 'முடிவுகள்' என்பது ஒரு தீவின் பெயர். அதற்குப் படகு கிடையாது. ஆதாரமில்லாமல் ஒன்றைச் சொன்ன மறுகணமே, சொன்னவர் ஆகாயத்தில் பறந்து அத்தீவில் போய் விழுவார். போவது நொடியில், திரும்புவதோ அறிவுக்கடலை நீந்தியே. அக்கடலில் ஒரு விந்தை. நாள் முழுவதும் நீந்தினாலும் சிலர் நனையாமலே கரையேறுவார்கள். மைலோ சொட்டச் சொட்ட நனைந்து வருகிறான். ஹம்பக் ஒரு துளியும் நனையவில்லை.

இப்பகுதியைப் படித்த வாரத்தில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். நூலகத்தில் இந்நூலின் பிரதி ஒன்றே ஒன்று. பெயர்ப் பட்டியல் போட்டு முறை வைத்துப் படித்துவந்தோம். ஒரு திங்கட்கிழமை நூலைக் காணவில்லை. கடைசியாக அது இவ்வாண்டுதான் எங்கள் வகுப்பில் சேர்ந்த ஒரு தோழியிடம் இருந்தது. "சனிக்கிழமையே அலமாரியில் வைத்துவிட்டேன்" என்று அவள் சொன்னாள். நாங்கள் நம்பவில்லை. அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டோம். நான்கு நாள் அவள் தனியே அமர்ந்து மதிய உணவு உண்டாள்.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் ஒரு கட்டுப் புத்தகங்களோடு வந்தார். தையல் விட்டுப்போன நூல்களைப் பைண்டிங் செய்ய அனுப்பியிருந்தாராம். மூன்றாவதாக இருந்தது எங்கள் நூல், புதிய பச்சை அட்டையோடு. அந்த நிமிடத்தில் எங்களில் ஒருத்திக்கும் தலை நிமிரவில்லை. நாங்கள் எந்தத் தீவில் நான்கு நாள் குடியிருந்தோம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று மாலையே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். பேசாமல் இருந்தால் நான் எதற்குப் பதில் சொல்வது?" என்றாள். சொன்ன சொல்லைத் தின்னலாம். சொல்லாத சொல்லை எப்படித் தின்பது? அந்த விருந்தில் அதற்கு இடமில்லை.

ஜஸ்டரின் சொல் விளையாட்டு எதற்கு என்று அன்று விளங்கியது. தேய்ந்துபோன ஒரு சொற்றொடரை அவர் எடுத்து, நாம் நின்று பார்க்கும் இடமாக ஆக்கிவிடுகிறார். 'முடிவுக்குத் தாவாதே' என்று பெரியவர்கள் நூறு முறை சொல்லியும் காதில் விழாதது, தீவாக மாறியதும் கண்ணில் பட்டுவிடுகிறது.

சொல்லா, எண்ணா?

ஆங்கிலத்தில் 'ரைமும் ரீசனும் இல்லாமல்' என்றால் ஓர் ஒழுங்கும் காரணமும் இல்லாமல் என்று பொருள். ரைம் என்பது எதுகையின் இசைவு; ரீசன் என்பது காரண அறிவு. இளவரசியர் இருவரையும் துரத்திய நாட்டில் அவ்விரண்டும் இல்லாமற் போனதில் வியப்பென்ன?

மன்னர்களின் சண்டை எங்களுக்குப் புதிதன்று. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்னும் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிறது. "இவளுக்குக் கணக்கு வராது" என்று ஒரு வீட்டில், "கதைப் புத்தகம் சோறு போடுமா?" என்று மற்றொரு வீட்டில். நாங்களே வகுப்பில் கணக்குக் கட்சி, மொழிக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தோம். மைலோ இதற்கு ஒரு வழி காண்கிறான். மற்றவர் ஒப்புக்கொள்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று இரு மன்னர்களும் சொல்கின்றனர். அப்படியானால் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போகிறீர்களே என்று அவன் காட்டுகிறான்!

டிஜிட்டாபொலிஸில் பாதி உடலோடு ஒரு சிறுவன் நிற்கிறான். சராசரிக் குடும்பத்தில் 2.58 குழந்தைகள், அவன் அந்த.58! மொழிக் கட்சியைச் சேர்ந்த நாங்கள் இதைப் புரியாமல் விழித்தோம். விளக்கியவள் அந்தப் பச்சை அட்டைத் தோழிதான். எங்கள் ஏழு பேர் வீட்டுக் குழந்தைகளையும் கூட்டி ஏழால் வகுத்துக் காட்டினாள். அரையும் காலுமாக ஒரு குழந்தை விடையில் வந்து நின்றது. சிரித்து முடித்தபோது, சராசரி என்பது எந்த வீட்டிலும் இல்லாத ஒரு குழந்தை என்று கணக்கே கற்பித்துவிட்டது. எண்களை வண்ணங்களோடு இணைத்துப் பார்த்தே தாம் சிறுவயதில் கணக்குப் போட்டதாக ஜஸ்டர் கூறியிருக்கிறார். எண்ணும் எழுத்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அவருக்கு அனுபவமாகத் தெரிந்திருக்கிறது.

முகமில்லாத மனிதன்

அறியாமை மலையில் பல பூதங்கள் உண்டு. அவற்றில் நாங்கள் அஞ்சுவது ஒன்றைத்தான். அவன் நன்றாக உடுத்திய கனவான், இனிமையாகப் பேசுவான், முகம் மட்டும் இல்லை. மணற்குவியலை இடுக்கியால் ஒவ்வொரு மணியாக இடம் மாற்றும்படி மைலோவிடம் பணிவோடு கேட்கிறான். கிணற்று நீரைச் சொட்டு மருந்துக் குழாயால் இறைக்கும்படி நாயிடம் கேட்கிறான். குன்றை ஊசியால் துளைக்கும்படி பூச்சியிடம் கேட்கிறான். மூவரும் மகிழ்ச்சியோடு தொடங்குகின்றனர். மந்திரக்கோலால் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வேலை முடிய 837 ஆண்டுகள் ஆகும் என்று தெரிகிறது.

பயனற்ற சிறு வேலைகளின் பூதம் அவன். காலாண்டுத் தேர்வுக்கு முன் நாங்கள் மூன்று நாள் செலவழித்துப் படிப்பு அட்டவணை தயாரித்தோம். சிவப்பில் கணக்கு, பச்சையில் அறிவியல், ஓரத்தில் பூக்கொடி. அட்டவணை அழகாக அமைந்தது. படிக்க நாள்தான் இல்லை. சோம்பல் சோம்பலின் உடையில் வந்தால் தெரிந்துகொள்ளலாம். உழைப்பின் உடையில் வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் அந்தக் கணக்குக் கோல் தேவை.

முடிவுரை

மைலோ இளவரசியரை மீட்கிறான். கோட்டையிலிருந்து கீழே இறங்க வழியின்றி நிற்கும்போது, டாக் எல்லாரையும் சுமந்துகொண்டு பறக்கிறது. ஆங்கிலத்தில் 'நேரம் பறக்கும்' என்பார்கள் அல்லவா! பயணம் முடிந்த பிறகே மன்னர்கள் ஓர் இரகசியத்தைச் சொல்கின்றனர்: இவ்வேலை செய்ய முடியாதது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் மைலோ போயிருப்பானா? பெற்றோர்கள் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

வீடு திரும்பிய மைலோ பல வாரங்கள் போய்விட்டதாக நினைக்கிறான். கடிகாரமோ ஒரு மணி நேரமே ஆனதாகக் காட்டுகிறது. மறுநாள் சுங்கச்சாவடி மறைந்துவிடுகிறது; வேறொரு பிள்ளைக்கு அது தேவையாம். சிறிது வருந்திய மைலோ சன்னலுக்கு வெளியே பார்க்கிறான். நேற்றுவரை இருந்த அதே தெருதான். ஆனால் பார்க்கவும் கேட்கவும் எவ்வளவோ இருக்கிறது. சலிப்பு உலகில் இல்லை. அதைப் பார்த்த கண்ணில்தான் இருந்தது.

அன்புத் தங்கையரே! எங்கள் முறை முடிந்துவிட்டது. நூலக அலமாரியில் மேலிருந்து இரண்டாம் தட்டில், பச்சை அட்டையோடு அந்நூல் இருக்கிறது. அதன் அருகே நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வைத்திருக்கிறோம். நாங்கள் கண்டுபிடித்த சிலேடைகளையும் அவற்றின் பொருளையும் அதில் எழுதியிருக்கிறோம். முதல் பக்கத்தை எழுதியவள் எங்கள் புதிய தோழி. பிற்பாதி வெறுமையாக இருக்கிறது. நாங்கள் கவனிக்காமல் விட்டவற்றை நீங்கள் எழுதுங்கள். நூலை எடுத்த இடத்திலேயே வையுங்கள். ஒருவேளை அங்கே காணவில்லை என்றால், தயவுசெய்து முதலில் சிஸ்டரைக் கேளுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி